ஃபோர்டு திரும்பி வருது... ராஜபாளையத்துல பழைய ஈகோஸ்போர்ட் வாங்கலாமா? 120 வருடப் பெயரின் கதை

2025 அக்டோபர் 31. தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு நிறுவனம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மறைமலை நகரில் பூட்டிக் கிடந்த ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, புதிய தலைமுறை எஞ்சின் தயாரிப்பு, 600-க்கும் மேற்பட்டோருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது. ‘ஃபோர்டு மீண்டும் வருகிறது’ என்று வாட்ஸ்அப் குரூப்களில் செய்தி பறந்தது.

ஆலை இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். ராஜபாளையத்திலிருந்து சுமார் 500 கி.மீ. ஆனாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தச் செய்தி இரண்டு கேள்விகளைக் கிளப்புகிறது. ஒன்று, வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஃபோர்டு காருக்கு இனி விடிவு உண்டா? இரண்டு, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடும் பையனுக்கு அங்கே இடம் உண்டா?

இரண்டுக்கும் பதில் வேறு வேறு. அது ஏன் என்று புரிய, இந்தக் கம்பெனியின் பெயர் எப்படி வளர்ந்தது, எங்கே சறுக்கியது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

சின்ன ஊருக்கும் ஃபோர்டுக்கும் என்ன சம்பந்தம்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கி.மீ. தூரம்தான். ஒன்று நூற்பாலைகளும் பேண்டேஜ் துணியும் ஓடும் ஊர். இன்னொன்று ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் அடையாளமான ஊர். இரண்டையும் இணைப்பது திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. குற்றாலம், சபரிமலை போகிற வண்டிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும்.

இந்த மாதிரி ஊர்களில் கார் வாங்குவது என்பது ஷோரூம் விஷயம் மட்டும் அல்ல. மில் வேலை, மதுரை ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, குலதெய்வக் கோயில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டிதான். நடுவழியில் நின்றுவிடக் கூடாது. நின்றாலும் பக்கத்து ஊர் மெக்கானிக் கைவைக்கத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். அதனால் இங்கே ஒரு கார் கம்பெனியின் மரியாதையைத் தீர்மானிப்பவர் விளம்பரத்தில் வரும் நடிகர் இல்லை, பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அண்ணன்தான்.

“அண்ணே, ஈகோஸ்போர்ட் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: “வண்டி நல்ல வண்டிதான் தம்பி. பார்ட்ஸுக்கு அலையத் தயாரா இருந்தா எடு.”

முதல் வாக்கியம் ஃபோர்டின் பலம். இரண்டாவது வாக்கியம் அதன் பலவீனம். அதன் 120 வருட வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியிருக்கிறது.

எப்படித் தொடங்கியது இந்தப் பெயர்?

1903 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை மையமாகக் கொண்டு ஹென்றி ஃபோர்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது கார் என்பது பணக்காரர் வீட்டுப் பொம்மை. 1908-ல் வந்த ‘மாடல் டி’ அதை மாற்றியது. உயரமான அமைப்பு, மண்சாலையிலும் ஓடும் வலு, சுத்தியலும் ஸ்பானரும் இருந்தால் விவசாயியே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்கிற எளிமை. கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் கார் என்றே சொல்லலாம்.

1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. தொழிலாளி வண்டியைத் தேடிப் போக வேண்டாம், வண்டி தொழிலாளியைத் தேடி வரும். ஒரு காரைப் பொருத்த 12 மணி நேரத்துக்கும் மேல் ஆனது, சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1908-ல் 850 டாலராக இருந்த விலை, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் தயாரிப்பு நின்றபோது 1.5 கோடி மாடல் டி கார்கள் உருவாகியிருந்தன.

ஆனால் அந்த லைனில் நின்று ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்வது கொடுமையாக இருந்தது. ஆட்கள் சேர்ந்த வேகத்திலேயே ஓடினார்கள். அவர்களைப் பிடித்து வைக்க 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு அறிவிப்பு வெளியிட்டார்: தகுதி பெறும் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர், வேலை நேரம் 8 மணி. அதுவரை இருந்த கூலியைப் போல இரண்டு மடங்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. கார் செய்கிறவனே கார் வாங்கலாம் என்ற கனவு அங்கே பிறந்தது.

அந்தப் பெயரில் கறையே இல்லையா?

நிறைய உண்டு. அந்த 5 டாலரை முழுசாக வாங்க வேண்டுமானால் தொழிலாளி குடிக்கக் கூடாது, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க கம்பெனியே வீட்டுக்கு ஆள் அனுப்பியது. தொழிற்சங்கம் என்றால் ஹென்றி ஃபோர்டுக்கு ஆகாது. 1937-ல் ரிவர் ரூஜ் ஆலை வாசலில் துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத்தினரை கம்பெனி ஆட்கள் அடித்த படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின. 1941-ல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1920-களில் ஹென்றி ஃபோர்டு நடத்திய ‘டியர்பார்ன் இண்டிபெண்டெண்ட்’ பத்திரிகை யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பியது. 1927-ல் அவர் பகிரங்கமாக மன்னிப்பு கேட்க வேண்டி வந்தது.

பிறகு வந்தது ‘பின்டோ’. 1970-களில் விற்ற சின்ன கார். பின்னாலிருந்து இடித்தால் பெட்ரோல் டேங்க் உடைந்து தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகப் புகார்கள். 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது ஃபோர்டு. ‘உயிரையும் செலவுக் கணக்கில் வைத்துப் பார்த்த கம்பெனி’ என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் மேலாண்மைப் படிப்புகளில் வணிக அறம் என்ற பாடத்தில் பின்டோ வந்துவிடும்.

2000-ல் இன்னொரு அடி. ‘எக்ஸ்ப்ளோரர்’ கார்களில் பொருத்திய ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பிய்ந்து, வண்டிகள் உருண்டன. 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 270-க்கும் மேற்பட்ட மரணங்களோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன. டயர்மேல் தப்பா, வண்டிமேல் தப்பா என்று இரு கம்பெனிகளும் மாறி மாறிக் கைகாட்டின. சுமார் நூறு வருட வியாபார உறவு அதோடு முறிந்தது.

பெயரையே அடகு வைத்த கதை

2006-ல் ஃபோர்டு 1,200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் காட்டியது. புதிதாகத் தலைமைக்கு வந்த ஆலன் முலாலி, வங்கிகளிடம் 2,300 கோடி டாலருக்கும் அதிகமாகக் கடன் திரட்டினார். அதற்கு ஈடாக ஆலைகள், சொத்துகள் எல்லாம் போனது. அதோடு அந்த நீல நிற முட்டை வடிவ லோகோவும் அடமானமாகப் போனது! வீட்டுப் பத்திரம், நகை அடகு வைப்பது நம்மூரில் பழகிய விஷயம். இங்கே ஒரு குடும்பம் தன் பெயரையே அடகு வைத்தது.

அது பலித்தது. 2008 நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அமெரிக்க அரசின் பணத்தை வாங்கி, 2009-ல் திவால் நடவடிக்கைக்குப் போயின. ஃபோர்டு அந்த வழிக்குப் போகவில்லை. 2012-ல் லோகோவை மீட்டது.

ஆனால் பணம் புரட்ட விற்றவையும் உண்டு. ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ஃபோர்டு அவற்றை வாங்கும்போது கொடுத்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஃபோர்டு விட்டதை டாடா எடுப்பது இத்தோடு முடியவில்லை. அது பின்னால் வரும்.

மெட்ராஸுக்கு ஃபோர்டு முதலில் வந்தது எப்போது?

பலரும் 1990-கள் என்று நினைப்பார்கள். உண்மையில் 1926. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் வியாபாரம் செய்யும் உரிமை அப்போது ஃபோர்டின் கனடா கிளையிடம் இருந்தது. அதன் வழியாக இந்தியாவில் ஒரு நிறுவனம் உருவானது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பொருத்திக் கார்களும் லாரிகளும் தயாராயின.

சுதந்திரத்துக்குப் பிறகு கொள்கை மாறியது. வெறுமனே பொருத்தி விற்பதை நிறுத்து, இங்கேயே தயாரி என்றது அரசு. அவ்வளவு சின்ன சந்தைக்கு அந்தச் செலவு கட்டாது என்று ஃபோர்டு 1950-களின் முற்பகுதியில் கிளம்பியது. ஜெனரல் மோட்டார்ஸும் அதே காலத்தில் போனது. அதன்பின் சுமார் முப்பது வருடம் நம் சாலைகள் பெரும்பாலும் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும்தான்.

மறைமலை நகர்: இரண்டாவது வருகை

தாராளமயத்துக்குப் பிறகு 1995-ல் மஹிந்திராவோடு சரிபாதிக் கூட்டு வைத்து ஃபோர்டு திரும்பி வந்தது. 1996-ல் ‘எஸ்கார்ட்’. அது நாசிக்கில் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, மறைமலை நகரில் ஆலை எழும்பியது. 1998-ல் ஃபோர்டு பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டு ‘ஃபோர்டு இந்தியா’ ஆனது. 1999-ல் இந்தியாவுக்கென்றே வடிவமைத்த ‘ஐகான்’ வெளிவந்தது. ‘ஜோஷ் மெஷின்’ என்ற விளம்பரம் அந்தத் தலைமுறைக்கு இன்னும் மறக்காது.

சென்னை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ ஆன கதையில் ஃபோர்டு முதல் அத்தியாயம். அதைத் தொடர்ந்து ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்தது. உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் சுற்றி முளைத்தன. தென் மாவட்டத்துப் பையன்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறி, விடியற்காலையில் செங்கல்பட்டில் இறங்கி வேலை தேடும் பழக்கத்தை உருவாக்கியதும் இந்தத் தொழில் வட்டாரம்தான்.

2010-ல் வந்த ‘ஃபிகோ’ ஃபோர்டை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனது. 2011-க்கான ‘இந்தியன் கார் ஆஃப் தி இயர்’ விருதும் அதற்குத்தான். 2013 ஜூனில் வந்தது ‘ஈகோஸ்போர்ட்’. நீளம் நான்கு மீட்டருக்குள், ஆனால் தோற்றமும் உயரமும் எஸ்யூவி மாதிரி. தொடக்க விலை 5.59 லட்சம் ரூபாய். முதல் 17 நாட்களில் சுமார் 30 ஆயிரம் புக்கிங். கேட்டவர்களுக்கு வண்டி கொடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பு.

மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட் 2018-லிருந்து அமெரிக்காவிலேயே விற்பனைக்குப் போனது. ஹென்றி ஃபோர்டின் சொந்த நாட்டுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்த ஃபோர்டு! தரத்தில் குறை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பிறகு ஏன் மூடினார்கள்?

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து வருடங்களில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்றது. நல்ல வண்டி செய்தும் நஷ்டம் எப்படி?

முதல் காரணம், அளவுக்கு மீறிய ஆலைகள். மறைமலை நகரில் ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யும் வசதி இருந்தது. அது போதாதென்று 2015-ல் குஜராத்தின் சனந்தில் 100 கோடி டாலர் செலவில் இன்னொரு பெரிய ஆலை. இரண்டும் சேர்ந்து 4 லட்சத்துக்கும் மேல் திறன். கடைசியில் உள்நாட்டு விற்பனையோ ஆண்டுக்கு 50 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. சந்தைப் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழ். பத்துத் தறி போட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினால் கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாது என்பது ராஜபாளையம்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், தாமதம். ஈகோஸ்போர்ட் திறந்த பாதையில் மாருதி 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸாவையும், டாடா 2017-ல் நெக்ஸானையும், ஹூண்டாய் 2019-ல் வென்யூவையும் இறக்கின. ஈகோஸ்போர்ட்டுக்கோ முழுமையான அடுத்த தலைமுறை வரவே இல்லை. பாதை போட்டவன் ஒருத்தன், பஸ் ஓட்டினவன் இன்னொருத்தன்.

மூன்றாவது, ‘ஃபோர்டு என்றால் மெயின்டனன்ஸ் செலவு’ என்ற பேச்சு. பிற்காலத்தில் உதிரிபாக விலையைக் குறைத்து, முழு யூனிட்டாக மாற்றாமல் சின்னப் பாகங்களாக வாங்கும் வசதியைக் கொண்டுவந்து அதை மாற்றப் பார்த்தார்கள். ஆனால் ஒருமுறை ஊருக்குள் பரவிய பேச்சு சீக்கிரம் அடங்காது. ரீசேல் விலை விழுந்தது. ரீசேல் விழுந்ததால் புது வண்டி வாங்குபவரும் தயங்கினார்.

கடைசி முயற்சியாக 2019 அக்டோபரில் மஹிந்திராவோடு மறுபடியும் கூட்டு அறிவித்தார்கள். கொரோனா காலத்து நிலைமையைக் காரணம் காட்டி 2020 இறுதியில் அது கைவிடப்பட்டது. ஒன்பது மாதத்தில் மூடல் அறிவிப்பு வந்துவிட்டது.

யாருக்கு இழப்பு?

சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. மறைமலை நகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு 2022 மே மாத இறுதியில் ஆலைக்குள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் மாலை மரியாதையோடு வெளியே வந்தது. இழப்பீட்டில் உடன்பாடு எட்ட செப்டம்பர் ஆனது. முப்பது, நாற்பது வயதில், வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலை போவது என்பது எந்த இழப்பீட்டிலும் முழுசாக அடங்காத விஷயம்.

டீலர்கள் கதை இன்னொன்று. நாடு முழுக்க 170 டீலர்கள், 391 ஷோரூம்கள், அவர்கள் போட்ட முதல் சுமார் 2,000 கோடி ரூபாய், அங்கே வேலை பார்ப்பவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர் என்று வாகன விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு அப்போது கணக்குச் சொன்னது. ஆலைக்குள் இருந்தவர்களைவிட வெளியே இருந்தவர்கள் பத்து மடங்கு!

மூன்றாவது, வாடிக்கையாளர்கள். சர்வீஸ், வாரண்டி, உதிரிபாகம் மூன்றும் தொடரும் என்று ஃபோர்டு வாக்குக் கொடுத்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, சனந்தில் உதிரிபாகக் கிடங்குகள் இருக்கும் என்றது. வாக்கு பொய்யாகவில்லை, சர்வீஸ் சென்டர்கள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் எண்ணிக்கை குறைந்தது. பெருநகரக்காரருக்கு அது பத்து கி.மீ. கூடுதல் பயணம். ராஜபாளையத்துக்காரருக்குக் கம்பெனி சர்வீஸ் என்றால் மதுரை மாதிரி நகரத்தைத்தான் பார்க்க வேண்டும். போக வர 170 கி.மீ., ஒரு நாள் லீவு. ஒரே வாக்கு, ஆனால் ஊருக்கு ஊர் அதன் மதிப்பு வேறு.

இந்தப் பகுதிக்கு இது புதிதும் இல்லை. ‘டவேரா’வை நம்பி டிராவல்ஸ் ஓட்டியவர்கள், 2017-ல் செவர்லே விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியபோது இதே நிலையைச் சந்தித்தவர்கள்தான்.

பூட்டிய ஆலைக்கு என்ன ஆனது?

சனந்த் கார் ஆலையை டாடாவின் மின்வாகன நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஜனவரியில் கைமாறியது. ஜாகுவார் - லேண்ட் ரோவருக்குப் பிறகு ஃபோர்டு விட்டதை டாடா எடுத்த இரண்டாவது சம்பவம் இது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக டாடா அடிக்கல் நாட்டிய ஆலையில், ஜாகுவார் - லேண்ட் ரோவர் கார்களும் தயாராகும் என்று அறிவிக்கப்பட்டது. ஃபோர்டு விற்ற பிராண்டுக்குத் தமிழ்நாட்டில் புது ஆலை!

மறைமலை நகர் ஆலையை ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் வாங்கப் போவதாகப் பேச்சு முற்றியது. 2023 டிசம்பரில் ஃபோர்டே பின்வாங்கியது. 2024 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அமெரிக்கப் பயணத்தில் ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். அடுத்த சில நாட்களில், ஏற்றுமதிக்காக ஆலையைப் பயன்படுத்த விருப்பக் கடிதம் வந்தது. அதன் தொடர்ச்சிதான் 2025 அக்டோபர் ஒப்பந்தம்.

இப்போது வருவது காரா, எஞ்சினா?

எஞ்சின் மட்டும். ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள், 2029-ல் உற்பத்தி, ஏற்றுமதிக்காக. இந்தியாவில் மறுபடி கார் விற்கப் போகிறோம் என்று அந்த அறிவிப்பில் எங்கும் இல்லை. ‘எண்டெவர் வருது, ஈகோஸ்போர்ட் வருது’ என்று சுற்றும் யூடியூப் வீடியோக்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. கார் ஆலை மூடினாலும் ஃபோர்டு தமிழ்நாட்டைவிட்டு முழுசாகப் போகவே இல்லை. சென்னை சோழிங்கநல்லூரில் அதன் பெரிய தொழில்நுட்ப, வணிகச் சேவை மையம் இருக்கிறது. 2024-ல் நிறுவனம் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் இந்தப் பிரிவில் மட்டும் 12 ஆயிரம் பேர். அடுத்த மூன்று ஆண்டுகளில் 2,500 முதல் 3,000 பேர்வரை கூடுவார்கள் என்றும் சொன்னது. நீலக் காலர் வேலை போன அதே கம்பெனியில் லேப்டாப் வேலை வளர்ந்துகொண்டிருந்தது.

ஆக, ஃபோர்டுக்கு இன்று தமிழ்நாடு என்பது வேலைத்திறன் கிடைக்கும் இடம். கார் வாங்கும் சந்தை அல்ல. ‘திரும்பி வருகிறது’ என்ற செய்தியில் ஒளிந்திருக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

சரி, பழைய ஃபோர்டு வாங்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வாங்கு என்றும் சொல்ல முடியாது. இந்த ஆறு விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

1. முதலில் மெக்கானிக், பிறகு வண்டி. உங்கள் ஊர் மெக்கானிக் ஃபோர்டு பார்த்துப் பழகியவரா, அவரிடம் இருக்கும் ஸ்கேனர் அந்த வண்டியைப் படிக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் சின்ன சென்சார் கோளாறுக்கும் மதுரைக்குத்தான் ஓட வேண்டும்.

2. எந்த எஞ்சின்? 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு நல்ல பெயர். 1.0 லிட்டர் ‘ஈகோபூஸ்ட்’ டர்போ பெட்ரோலில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் வகை. சரியான ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டி என்றால் ஆபத்து. சர்வீஸ் ரெக்கார்டு இல்லாமல் எடுக்காதீர்கள்.

3. எந்த கியர்பாக்ஸ்? ஆரம்பகால ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இரட்டை கிளட்ச் வகை. இதே குடும்பத்து கியர்பாக்ஸ் பற்றி அமெரிக்காவில் வழக்கு போட்டு இழப்பீடு வாங்கும் அளவுக்குப் புகார்கள் வந்தன. 2017 இறுதியில் வந்த புது வடிவத்தில் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு மாறினார்கள். மேனுவல் என்றால் கவலை குறைவு.

4. ரீகால் பார்த்தார்களா? 2013-ல் மட்டும் சுமார் 1.66 லட்சம் ஃபிகோ, கிளாசிக் கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது ஃபோர்டு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால், நிலுவையில் ரீகால் வேலை இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

5. எந்தப் பார்ட் கிடைக்கும், எது கிடைக்காது? ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி தேய்மானப் பொருட்களுக்கு வெளிச்சந்தையில் மாற்று இருக்கும். ஹெட்லைட், பம்பர், கதவு, எலெக்ட்ரானிக் மாட்யூல் மாதிரியானவைதான் இழுத்தடிக்கும். இடிபட்டு ஒட்டிய வண்டியைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

6. ஆர்.சி. தேதி. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். 2013-ல் பதிவான முதல் ஈகோஸ்போர்ட்களுக்கு 2028-ல் அது முடிகிறது. புதுப்பிக்கும் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

குறைந்த ரீசேல் விலை வாங்கும்போது லாபம்தான். விற்கும்போது அதே கத்தி உங்கள் பக்கம் திரும்பும். ஐந்தாறு வருடம் வைத்து ஓட்டித் தேய்க்கப் போகிறவருக்குக் கணக்கு சரியாக வரலாம். இரண்டு வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு வராது.

வேலை தேடும் இளைஞருக்கு?

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று இந்தப் பகுதியில் பொறியியல் படிப்பவர்களுக்குக் குறைவில்லை. இப்போது முதல் வருடம் சேர்பவர் படித்து முடிக்கும் நேரமும் எஞ்சின் உற்பத்தி தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

ஆனால் 600 என்ற எண்ணைக் கவனியுங்கள். மூடியபோது வேலை இழந்தவர்களோடு ஒப்பிட்டால் இது சின்னக் கணக்கு. புதிய ஆலைகளில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. ரோபோவை ஓட்டவும், சென்சார் தரவைப் படிக்கவும், சிஎன்சி இயந்திரத்தைச் சரிசெய்யவும் தெரிந்தவருக்குத்தான் முன்னுரிமை இருக்கும். ‘ஃபோர்டுல வேலை’ என்ற ஒரே கனவோடு படிப்பதைவிட, ஃபோர்டு போனாலும் அடுத்த ஆலைக்கு எடுத்துப் போகக்கூடிய திறமையாகப் பார்த்துப் படிப்பது பாதுகாப்பு. 2022-ல் வெளியே வந்தவர்களின் அனுபவம் சொல்லும் பாடமும் அதுதான்.

கடைசியில் பெயர் என்பது என்ன?

ஃபோர்டின் பொறியியலைப் பற்றி இங்கே யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. கெட்டியான கதவு, நெடுஞ்சாலையில் ஆடாத ஓட்டம், நம்பகமான டீசல் எஞ்சின் என்று ஓட்டியவர்கள் இன்றும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். அதன் பெயர் அடிபட்ட இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதிக்கப்பட்ட தொழிலாளி, பின்டோ ஓட்டியவர், மறைமலை நகர் ஊழியர், முதல் போட்ட டீலர் என எல்லாரும் கம்பெனியை நம்பித் தங்கள் வாழ்க்கையில் ஏதோ ஒன்றை ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள். கணக்கு இடித்தபோது அடி அவர்கள் மேல்தான் விழுந்தது.

ஒரு கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் கிளம்ப உரிமை உண்டு. 200 கோடி டாலர் இழந்தபிறகும் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் கார் என்பது சோப்பு, பிஸ்கட் மாதிரி இல்லை. விற்ற பிறகும் பத்துப் பதினைந்து வருடம் அதற்கு உறவு இருக்கிறது. விற்ற நாளில் கிடைப்பது விளம்பரம். பத்தாவது வருடத்தில், ஷோரூம் இல்லாத ஊரில், கேட்ட பார்ட் கைக்கு வருகிற நாளில் கிடைப்பதுதான் பெயர்.

2029-ல் மறைமலை நகரில் எஞ்சின் சத்தம் மறுபடி கேட்கும். அது தமிழ்நாட்டுத் தொழிலுக்கு நல்ல செய்தி. ஒருநாள் ஃபோர்டு கார்களையும் இங்கே விற்க நினைத்தால், அதற்கான தேர்வு சென்னை ஆட்டோ எக்ஸ்போவில் நடக்காது. அதுவரை ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபிகோவுக்கும் ஈகோஸ்போர்ட்டுக்கும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்ட்ஸ் எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்பதில் நடந்துகொண்டிருக்கிறது. மார்க் போடுவது பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அண்ணன்.